கையில் கட்டிய வாட்சுக்கு உட்கார்ந்திருப்பது தெரியுமா?

கேள்வி: எனக்கு 70 வயது, என் கணவருக்கு 76. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அவர் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் காலையில் மைதானத்தில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவார். அதற்குப் பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் பேப்பர், டிவி, செல்போன் என்று பொழுது சாயும்வரை எழுந்திருப்பதே அபூர்வம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை வாங்கி அனுப்பினான். அது மணிக்கொரு முறை கையில் அதிர்ந்து எழுந்திருக்கச் சொல்கிறது. போன வாரம் கரண்ட் இல்லாத ஒரு பகலில் உட்கார்ந்தபடியே விசிறிக்கொண்டிருந்தவருக்கு நூற்றுக்கணக்கான அடிகள் நடந்ததாக அது காட்டிவிட்டது. "இதை நம்பியா நான் எழுந்து உட்கார வேண்டும்?" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது மகன், நாற்காலியில் விரித்துக்கொள்ளும் சென்சார் மெத்தை ஒன்றை அனுப்புகிறேன் என்கிறான். அதை வாங்கலாமா? தினமும் நடக்கிறவருக்கு இவ்வளவும் தேவைதானா?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள அம்மா, புதுச்சேரியில் முதியோருக்கு இயன்முறை சிகிச்சை அளித்து வரும் எனக்கு, அண்மைக் காலமாக மருந்துச் சீட்டோடு வாட்சையும் நீட்டுகிற குடும்பங்கள் பழக்கமாகிவிட்டன. ஆகவே உங்கள் வீட்டு வழக்கு எனக்குப் புதிதல்ல. விசிறி விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதே சரி. எழுந்திருக்க வேண்டும் என்பதில் உங்கள் மகன் சொல்வது சரி. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் சண்டைக்கு இடமில்லை.

முதலில் வாட்ச். அதற்குள் இருக்கும் சென்சார் மணிக்கட்டின் அசைவைத்தான் உணர்கிறது. நடக்கும்போது கை முன்னும் பின்னும் ஒரே சீராக ஆடும் என்பதால், அந்தச் சீரான ஆட்டத்தை அது ஓர் அடியாகக் கணக்கில் எழுதுகிறது. பனையோலை விசிறியை ஒரே வேகத்தில் வீசினாலும், தாளம் போட்டாலும் அதற்கு நடையாகவே தோன்றக்கூடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இடுப்பில் குடத்தை வைத்து ஒரு கையால் அணைத்தபடி நீங்கள் கொல்லைக்கும் சமையலறைக்கும் நடந்தால், அந்தக் கை ஆடாததால் பல அடிகள் விட்டுப்போகும். வாக்கரைப் பிடித்து நடப்பவர்கள், மெதுவாகக் காலை இழுத்து நடப்பவர்கள் ஆகியோரின் அடிகளையும் இத்தகைய கருவிகள் குறைத்தே எண்ணும். எனவே உங்கள் மகன் வாங்கியது பழுதான வாட்ச் அல்ல. அந்த வகைக் கருவியின் எல்லையே அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு அடிகளின் கணக்கைவிட முக்கியமான வேறொரு குறை அதில் இருக்கிறது. கையில் கட்டிய கருவிக்கு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா, அசையாமல் நின்றுகொண்டிருக்கிறாரா என்பது சரியாகத் தெரியாது. உங்கள் கணவர் வாசல் கதவைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுக்காரரிடம் இருபது நிமிடம் நின்று பேசினாலும், சாய்வு நாற்காலியில் இருபது நிமிடம் கிடந்தாலும், மணிக்கட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான வாட்சுகள் தரும் நினைவூட்டல் உட்கார்ந்ததைக் கண்டு வருவதில்லை. அடிகள் போதவில்லை என்று கண்டு வருகிறது. ஃபிட்பிட் வகைக் கருவிகள் மணிக்கு 250 அடிகள் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அது நிறைவேறாவிட்டால் மணி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அதிரும். பூஜை அறையில் அரை மணி நேரம் நின்று முடித்த மனிதரின் கையில் அது அதிர்ந்தால் அவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

உட்கார்ந்திருக்கும் நேரத்தை ஆய்வாளர்கள் அளப்பது தொடையில். உட்காரும்போது தொடை தரைக்கு இணையாகப் படுத்திருக்கும், நிற்கும்போது செங்குத்தாகிவிடும் என்பதே அந்த முறையின் அடிப்படை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து நிறுவனம் ஒன்று தயாரிக்கும் ஆக்டிவ்பால் என்னும் சிறு கருவியைத் தொடையின் முன்பக்கத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, வழக்கமாக ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மொத்தம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார், ஒரு நாளில் எத்தனை முறை எழுந்தார், ஒரே மூச்சில் மிக நீண்ட நேரம் உட்கார்ந்தது எப்போது என்ற மூன்றும் அதில் கிடைக்கும். இடுப்பில் பெல்ட்டாகக் கட்டும் பழைய வகைக் கருவிகளும் உண்டு. அவை தாம் பதியும் அசைவுகளின் எண்ணிக்கை நிமிடத்துக்கு 100க்குக் குறைந்தால் அதை உட்கார்ந்த நேரமாகக் கொள்வதால், சும்மா நின்றதையும் உட்கார்ந்ததோடு சேர்த்துவிடும்.

இவ்வாறு கருவி வைத்து முதியோரை அளந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 9.4 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டது. அதே வயதினரிடம் வாய்மொழியாகக் கேட்ட ஆய்வுகளில் கிடைத்த விடையோ ஐந்து மணி நேரத்தைச் சற்றே தாண்டியது. யாரும் பொய் சொன்னதாக இதற்குப் பொருளில்லை. நடந்தது நினைவில் நிற்கும், உட்கார்ந்தது நிற்காது. "நான் எங்கே அவ்வளவு நேரம் உட்கார்ந்தேன்?" என்று உங்கள் கணவர் கேட்டால் அவர் மனமறிந்து மறைக்கவில்லை என்பதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

காலை நடை போதாதா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து இரவு ஒன்பது மணிக்குப் படுப்பவர் பதினாறு மணி நேரம் விழித்திருக்கிறார். அதில் மைதானத்துக்குப் போனது அரை மணி நேரம்; மீதிப் பதினைந்தரை மணி நேரத்தில் கால்கள் என்ன செய்தன என்பதை உடல் தனியாகக் கணக்கு வைக்கிறது. இந்தச் சிந்தனை இன்று நேற்று தோன்றியதல்ல. லண்டன் மாநகரப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும், மாடிப் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டு கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்டு, உட்கார்ந்தே ஓட்டியவர்களுக்கு மாரடைப்பு நோய் அதிகம் என்று ஜெர்ரி மோரிஸ் குழுவினர் 1953இலேயே எழுதினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்து 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலை இயக்குபவர்களுக்கு, நீண்ட நேரம் உட்காருவதால் ஏறும் மரண ஆபத்து ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றது. உங்கள் கணவரின் அரை மணி நேரம் அதில் பாதிதான். ஆகவே அது வீண் அல்ல, ஆனால் மீதி நாளுக்கு அது மட்டும் ஈடாகாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது; உட்காரும் நேரத்தைக் குறையுங்கள் என்றும் சொல்கிறது, ஆனால் இத்தனை மணி நேரம்தான் என்று ஓர் எல்லையை வகுக்கவில்லை. உட்காருவதையே பாவமாக்கிப் பேசும் காணொளிகளை மகன் அனுப்பினால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம்.

சர்க்கரை உள்ளவருக்கு இதில் தனி அக்கறை தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை சுருங்கி விரியும்போது இன்சுலினின் துணை பெரிதாக இல்லாமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சாய்ந்து கிடக்கும்போது அந்த வேலை நின்றுபோகிறது. கூடுதல் எடையுள்ள 45 முதல் 65 வயது வரையிலான 19 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2012இல் வெளியான சோதனையில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தவர்களுக்கு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. சிறிய சோதனைதான், உங்கள் கணவரைவிட இளையவர்களைக் கொண்டதுதான். ஆயினும் எந்த நேரத்தில் எழுந்திருப்பது அதிகப் பயன் தரும் என்பதை அது காட்டுகிறது. காலை இட்லிக்குப் பிறகு பேப்பரோடும், மதியச் சோற்றுக்குப் பிறகு டிவியோடும் உட்காரும் அந்த இரண்டு நீண்ட அமர்வுகளைத்தான் உடைக்க வேண்டும். நாள் முழுவதும் மணிக்கொரு முறை அவரை விரட்ட வேண்டியதில்லை.

எவ்வளவு குறைத்தால் போதும் என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 60 முதல் 89 வயது வரையிலான 283 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், தொலைபேசி வழி ஆலோசனை, நின்று வேலை செய்யும் மேசை, நினைவூட்டும் கைப்பட்டை ஆகியவற்றின் துணையோடு அவர்கள் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டிக் குறைந்தது. ஆறு மாதத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறக்குறைய மூன்றரை புள்ளி இறங்கியது. அத்தனை ஏற்பாடுகளோடும் குறைந்தது அரை மணி நேரம்தான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகன் அங்கிருந்து மூன்று மணி நேரம் குறைய வேண்டும் என்று இலக்கு வைத்தால் அது நடக்காது. அரை மணி நேரம் குறைந்தாலே அதை வெற்றியாகக் கொள்ளுங்கள்.

இனி வீட்டில் அளப்பது எப்படி என்று பார்ப்போம். செல்போனைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டால் தொடையின் சாய்வை வைத்து அது ஓரளவு கணக்கிடும் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் வேட்டி கட்டுகிறவருக்குத் தொடையில் பை ஏது? சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு மார்பின் நிலைதான் தெரியும். அது உட்கார்ந்தாலும் நின்றாலும் நிமிர்ந்தே இருக்கும். ஆகவே நான் பரிந்துரைப்பது ஒரு நாற்பது பக்க நோட்டும் சுவர்க் கடிகாரமும்தான். ஒரு வாரத்துக்கு, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து, அன்றன்றைக்கு மிக நீண்ட மூன்று அமர்வுகளை மட்டும் எழுதினால் போதும்: உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். அதை நீங்கள் எழுதாமல் அவரையே எழுதச் சொல்லுங்கள். அடங்கலும் சிட்டாவும் புரட்டிய கை அது. மனைவி வேவு பார்த்து எழுதும் குறிப்பை எதிர்ப்பவர், தாமே பராமரிக்கும் பதிவேட்டில் பொய்க் கணக்கு எழுத மனம் ஒப்பமாட்டார். என்னிடம் வருகிறவர்களில் ஓய்வுபெற்ற அலுவலர்கள் இதை வாட்சைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அப்படியானால் வாட்சை என்ன செய்வது? அளக்கும் வேலையிலிருந்து அதை விடுவித்து, மணி அடிக்கும் வேலையை மட்டும் கொடுங்கள். நினைவூட்டல் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை வர வேண்டும் என்று குறித்துவைக்கும் வசதி பல வாட்சுகளில் இருக்கிறது. மகனை வீடியோ காலில் வரச் சொல்லி, பதிவேட்டில் எந்த இரண்டு அமர்வுகள் நீளமாக வந்தனவோ அந்த நேரங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிரித்து வைக்க முடியாத வாட்சாக இருந்தால் நினைவூட்டலை அடியோடு நிறுத்திவிட்டு, செல்போனின் சாதாரண அலாரத்தையே அந்த இரண்டு வேளைகளில் பயன்படுத்தலாம். அந்தப் போனை நாற்காலிக் கைப்பிடியில் வைக்காமல் கூடத்தின் மறுகோடியில் சார்ஜரில் செருகி வைப்பது முக்கியம்; அலாரத்தை நிறுத்தவே எழுந்து போக வேண்டியிருக்கும்.

கருவியைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும், முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சாய்வு நாற்காலியைத்தான் என்று சொல்வேன். துணி தொங்கும் அந்த நாற்காலியில் இடுப்பு முழங்காலைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. அந்தக் குழியிலிருந்து எழும்புவதற்கு எழுபத்தாறு வயது முழங்கால் படும் பாட்டை நினைத்தே பலர் எழுந்திருப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. பகலில் உட்காருவதற்கு, கைப்பிடி உள்ளதும், உட்காரும் பலகை சுமார் 17 அங்குல உயரம் உள்ளதுமான கெட்டி நாற்காலி ஒன்றை டிவிக்கு எதிரே போடுங்கள். அவர் உயரமானவர் என்றால் மேலே ஒரு கெட்டியான திண்டு. சாய்வு நாற்காலி மதியத் தூக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் பதிலாகச் சின்னச் செம்பில் தண்ணீர் வையுங்கள்; தீர்ந்ததும் அவரே போய் நிரப்பிக்கொள்ளட்டும், நீங்கள் ஓடிப்போய் நிரப்பாதீர்கள். சீரியலுக்கு இடையில் விளம்பரம் வரும்போது வாசலிலிருந்து கொல்லைக் கதவுவரை இரண்டு முறை போய்வந்தாலே அந்த இரண்டு நிமிடக் கணக்கு நிறைவாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகி நடை நின்றுபோகும் மாதங்களுக்கும் இந்த வாசல், கொல்லை நடைதான் கைகொடுக்கும்.

நாம் தரையில் சம்மணமிட்டு வளர்ந்தவர்கள்தானே, நமக்கு இதெல்லாம் பொருந்துமா என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுகிற சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்கள் நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓய்வாகவே இருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பகுதியைக் குந்தியும் மண்டியிட்டும் கழிப்பதால் அவர்கள் கால் தசைகள் நாற்காலியில் இருப்பதைவிட அதிகமாக வேலை செய்கின்றன என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. பல ஆண்டுகளாகத் தரையில் உட்காராத ஒருவரை இதைப் படித்துவிட்டு இன்று தரையில் உட்கார வைக்காதீர்கள். எழும்போது விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

விழுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால், எழுந்திருக்கும் எண்ணிக்கையை அதிகரிப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நீர் பிரிய அல்லது புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டலாம். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒருமுறையும், எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எண்களை எழுதிக்கொண்டு மாத்திரை கொடுக்கும் மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். குறையாவிட்டாலும், எழுவதற்கு முன் உட்கார்ந்தபடியே பாதங்களை மேலும் கீழும் பத்து முறை அசைத்துவிட்டு, எழுந்ததும் நாற்காலியைப் பிடித்துச் சற்று நின்ற பிறகு நடப்பதை அவர் வழக்கமாக்கிக்கொள்ளட்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், புதிய பழக்கம் தொடங்கிய முதல் சில வாரங்களில் சர்க்கரை தாழ்ந்து போகிறதா என்றும் கவனியுங்கள்.

சென்சார் மெத்தை வேண்டாம். மருத்துவமனைகளில் நோயாளி படுக்கையை விட்டு எழுந்தால் செவிலியருக்குச் சொல்ல அத்தகையவை பயன்படுகின்றன. அங்கே அவற்றுக்கு வேலை உண்டு. உங்கள் வீட்டில் அது ஒரு நாற்காலியை மட்டுமே அறியும். அவர் ஊஞ்சலுக்கோ திண்ணைக்கோ மாறிய கணமே, எழுந்து நடப்பதாக எண்ணிக்கொள்ளும். அந்தப் பணத்தில் நான் மேலே சொன்ன கைப்பிடி நாற்காலியையும், வீட்டில் ஏற்கெனவே இல்லாவிட்டால் ஒரு பிரஷர் மெஷினையும் வாங்கலாம். இன்னொன்றையும் மகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வாட்சின் கணக்கு சிங்கப்பூரிலுள்ள அவர் போனிலும் தெரிகிறதா, அது அப்பாவுக்குத் தெரியுமா, அதற்கு அவர் சம்மதித்தாரா? விசிறிக் கணக்கு ஒரு சாக்காக மட்டும் இருந்திருக்கலாம். பிள்ளை தூரத்திலிருந்து தம்மை மேற்பார்வையிடுவது பிடிக்காமல் வாட்சைக் கழற்றி வைக்கும் அப்பாக்கள் குறைவல்ல. கணக்கைப் பகிர்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

முன்னேற்றத்தை அறிய மாதம் ஒருமுறை ஒரு சிறு சோதனை போதும். அந்த 17 அங்குல நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 75 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களில் 11க்குக் குறைந்தால் கால் வலிமை சராசரிக்குக் கீழே இருப்பதாகவும், விழும் அபாயம் இருப்பதாகவும் கொள்ளப்படுகிறது. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் சோதனையை அதோடு நிறுத்திவிட்டு, அருகிலுள்ள இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாள் செய்ய அவர் சொல்லித்தருவார்.

உங்கள் கடிதம் முழுவதும் கணவரைப் பற்றியே இருக்கிறது. அவர் சோதனை முடித்ததும் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், ஸ்டாப்வாட்சை அவரிடம் கொடுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு அந்த எண் 10. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கிறேன் என்பதால் கால் வலுவாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட வேண்டாம். நிற்பது வேறு, எழுவது வேறு தசை வேலை. இருவரின் எண்ணும் ஒரே நோட்டில் ஏறட்டும். நான்கு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால், அடுத்து எதை மாற்றலாம் என்று எழுதுகிறேன்.